மீட்டர் சாரின் நூற்று நாற்பது செல்கள்

தாம்பரத்துக்கு இந்தப் பக்கம், செத்த பேட்டரிக்கு நாடி பிடித்துப் பார்த்த ஒரே மனிதர் எங்கள் மீட்டர் சார்தான். அந்தப் பக்கமும் அப்படி யாரும் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

முடிச்சூரில் நாங்கள் குடியிருந்த பன்னிரண்டு வீட்டு அபார்ட்மெண்டில் அவர் முதல் மாடி. ஏதோ ஓர் ஆபீஸில் தபால் பிரிவிலிருந்து ரிட்டயர் ஆனவர். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களுக்கு அது தேவைப்படவே இல்லை. மஞ்சள் நிற மல்டிமீட்டர் ஒன்று, சிவப்பும் கறுப்புமாய் இரண்டு ஒயரோடு எப்போதும் கழுத்தில் தொங்கும். டாக்டர்களாவது வீட்டுக்குப் போனால் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைப்பார்கள்.

நாங்கள் குடிவந்த அன்று காபி குடிக்க வந்தவர், டம்ளரைக் கீழே வைத்த கையோடு எங்கள் டிவி ரிமோட்டின் முதுகைத் திறந்துவிட்டார்.

"இதோ பாருங்க, ஒண்ணு ஒன்றரை வோல்ட்டு காட்டுது. இன்னொண்ணு ஒண்ணுக்கே மூச்சு வாங்குது. புதுசும் பழசும் ஜோடி சேக்கவே கூடாது சார். ஒருத்தன் படுத்துக்குவான், இன்னொருத்தன்தான் மொத்தத்தையும் இழுக்கணும்."

"கேட்டுக்கங்க" என்றாள் என் மனைவி, என்னைப் பார்த்து.

அதோடு போயிருந்தால் தேவலை. அடுத்த வாரம் என் இன்வெர்ட்டர் பேட்டரியில் தண்ணீர் குறைந்திருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். சமையலறையில் கேன் தண்ணீர் இருந்தது; ஊற்றிவிட்டேன். அதைப் பெருமையாக அவரிடமே சொன்னேன்.

"கேன் தண்ணியா?"

"சுத்தமான தண்ணிதானே சார்? நாங்களே அதைத்தானே குடிக்கறோம்?"

"உங்களுக்குச் சுத்தம். அதுக்கு விஷம் சார், விஷம்! தண்ணியில இருக்கற உப்பெல்லாம் ஈயத் தகட்டுல போய்ப் படியுமே! டிஸ்டில்டு வாட்டர் வாங்க அவ்ளோ சோம்பலா?"

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேட்டரியிடம் மட்டும் தினமும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பிரசங்கத்தின் நடுவே மைக் கரகரத்ததாம். இவர் எழுந்து போய், பாஸ்டர் ஐயர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, செல்லை எடுத்து அளந்து பார்த்து, சபைக்கு எதிரே உதட்டைப் பிதுக்கினாராம். இதைச் சொன்னவர் மீட்டர் சாரின் மனைவி டீச்சரம்மா. "என் சுகரை மூணு மாசத்துக்கு ஒருதரம் பாக்கறார். அந்தச் செல்லுங்களை டெய்லி பாக்கறார்" என்பது அந்த அம்மாளின் நிரந்தரப் புகார்.

அந்தச் செல்கள்தான் கதை. வெள்ளிக்கிழமைதோறும் பல்லாவரம் சந்தைக்குப் போய், பழுதான லேப்டாப் பேட்டரிகளைப் பொறுக்குவார். ஒருமுறை நானும் கூடப் போனேன். கடைக்காரருக்குத் தாங்கவில்லை.

"இன்னா சார், செத்துப்போன பேட்டரிய இவ்ளோ நேரம் பாத்துகினு கீறே?"

"முழுசா சாகலப்பா. உள்ளே ஆறு செல் இருக்கும். ரெண்டு படுத்தா மொத்தத்தையும் தூக்கிப் போட்டுடறாங்க. மீதி நாலும் என்ன பாவம் பண்ணுச்சு?"

அப்படி உயிர் பிழைத்த நூற்று நாற்பது செல்களை ஒன்றாகக் கோத்து, பால்கனியில் ஒரு சோலார் பேனலை மாட்டி, கரண்டைச் சேமித்து வைத்திருந்தார். ஒவ்வொரு செல்லின் மேலும் ஸ்கெட்ச் பேனாவால் அது கிடைத்த தேதி. டீச்சரம்மா வீட்டுக்குள் விடாததால் எல்லாமே வாசலுக்கு வெளியே, வராந்தாவில், ஒரு மர அலமாரியில் இருந்தன. இருபது பர்சன்ட்டுக்குக் கீழே இறங்கினால் கரண்டை நிறுத்த ஒரு சின்ன போர்டும் உண்டு. "ஒட்ட உறிஞ்சிட்டா இந்த ஜாதி செல் மறுபடி எழுந்திருக்காது சார்" என்று அதைக் காட்டிச் சொல்வார்.

அசோசியேஷன் செக்ரட்டரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஸ்கூட்டர் பேட்டரி பற்றி எரியும் வீடியோ ஒன்றை வாட்ஸப்பில் பார்த்திருந்தார். "படிக்கட்டுப் பக்கத்துல வெடிகுண்டு வெச்சிருக்கார். ஞாயித்துக்கிழமைக்குள்ள அலமாரி காலியாகணும்" என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. 'வெடிகுண்டு' என்ற சொல்லைத்தான் மீட்டர் சாரால் தாங்க முடியவில்லை. நோட்டீஸின் முன்னால் நின்று அதை நாலு தடவை படித்தார்.

அந்தப் புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர், கரண்ட் போயிற்று. அன்று சாயங்காலமே எல்லார் இன்வெர்ட்டரும் படுத்துவிட்டது. என்னுடையது முதலில். மறுநாள் அத்தனை வீடும் போனும் கையுமாக அலமாரி முன்னால் நின்றது. அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போனில் முப்பது பர்சன்ட்டுக்கு மேல் இருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார். "சீரியல் பாக்கணும்னா வூட்டுக்குப் போங்க, இங்க எமர்ஜென்சி மட்டும்தான்!"

வெள்ளிக்கிழமை காலை அலமாரியில் இருபத்தொரு பர்சன்ட்தான் மிச்சம். செக்ரட்டரி இரண்டாம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஞாயித்துக்கிழமை ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

ஏறிப் போனார். மறுபடி இறங்கினார். கைப்பிடிச் சுவரில் இல்லாத தூசியைத் துடைத்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுக்குப் பதினோரு மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. எட்டு மாசமா தேடிக்கிட்டிருக்கா. லேப்டாப் பிளக்குல இருந்தாத்தான் ஓடும்."

மீட்டர் சார் ஸ்க்ரூடிரைவரை எடுத்து அந்தச் சின்ன போர்டைக் கழற்ற ஆரம்பித்தார். நான்தான் அவர் கையைப் பிடித்தேன்.

"சார், மறுபடி எழுந்திருக்காதுன்னு சொன்னீங்களே?"

"ஆமா. சொன்னேன்."

அந்தப் பெண் டீச்சரம்மாவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். வெளியே இவர் மீட்டரை வைத்துக்கொண்டு வோல்ட்டு இறங்க இறங்க முணுமுணுத்தார். "இன்னுமா கேக்கறான்? ஒரு வேலைக்கு இத்தனை கேள்வியா?" ஒரு மணி நேரமும் சொச்சமும் ஓடி, அவள் "தேங்க் யூ சார்" என்று சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் செல்கள் அடங்கின. அவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். அன்று மதியம் சாப்பிடவில்லை என்று டீச்சரம்மா சொன்னார்.

சனிக்கிழமை கரண்ட் வந்தது. ஞாயிறு காலை, சொன்ன சொல் தவறாமல், நூற்று நாற்பதையும் இரண்டு வாளியில் போட்டு வாசலுக்குக் கொண்டு வந்துவிட்டார். செக்ரட்டரி பனியனோடு ஓடி வந்தார்.

"சார், பொண்ணு செலக்ட் ஆயிட்டா!"

"அவ தாங்குவான்னு தெரியும் சார். இவங்க தாங்குவாங்களான்னுதான் பயந்தேன்" என்றார் மீட்டர் சார், வாளியைக் காட்டி.

செக்ரட்டரி வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு தானே போய் அந்த நோட்டீஸைக் கிழித்தார். மத்தியானத்துக்குள் புது நோட்டீஸ் ஒன்று வந்தது: 'மொட்டை மாடியில் நிழலான மூலையில் இரும்பு அலமாரியும் மணல் வாளியும் வைக்கப்படும். வீட்டில் பழைய லேப்டாப் பேட்டரி இருப்பவர்கள் முதல் மாடியில் கொடுக்கவும்.' சாயங்காலம் மீட்டர் சார் வாசலில் பேட்டரிகள் குவிந்து கிடந்தன. அசோசியேஷன் கூட்டத்துக்கு ஒருநாளும் வராத மூன்றாம் மாடிக்காரர்கூட ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மீட்டர் சார் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார். அளக்கத்தான் கை வரவில்லை.

நான் இப்போது கேளம்பாக்கம் பக்கம் பெரிய குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன். ராட்சச ஜெனரேட்டர், கரண்டே போவதில்லை. போனால் தேவலை என்று சில நாள் இருக்கிறது.