இரைச்சல் இல்லாத பெட்டி

மாலை நான்கேகால் மணி. முதலில் கண்ணில் பட்டது ஒரு கறுப்புப் பெட்டி. அதை மடியில் வைத்திருந்த மாப்பிள்ளையைப் பிறகுதான் பார்த்தேன்.

என் அக்காவைப் பெண் பார்க்க, சிங்கப்பூரிலிருந்து அவரும் அவர் அம்மாவும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்திருந்தார்கள். முன்பு வந்த இடங்கள் மலைப்பாதை வளைவுகளிலேயே தலைசுற்றித் திரும்பிவிட்டன. (வாந்தி எடுத்துக்கொண்டு யார் பெண் பார்ப்பார்கள்?)

"இந்த எடமும் போச்சுன்னா பாத்துக்க," என்று அப்பா என்னைத்தான் எச்சரித்திருந்தார்.

லயத்தில் எந்த கேசட் ரேடியோ கெட்டாலும் என்னிடம் வரும். சில திரும்பியும் போயிருக்கின்றன.

"இது சிடி, மச்சான். கேசட் மாதிரி இரைச்சலே இருக்காது. மெதுவா வாசிச்சா மெதுவாவே கேக்கும், அடிச்சா நேர்ல அடிச்ச மாதிரி இருக்கும்," என்றார் மாப்பிள்ளை.

அதற்குள் மச்சான்! அப்பாவின் முகம் மலர்ந்தது.

"தெரியும்லா," என்றேன். (தெரியாது.)

ஹெட்போனை மாட்டினேன். நூல் போல ஒரு வயலின். தகரக் கூரையில் மழை அடித்ததால் சத்தத்தை முழுசாக ஏற்றினேன். உடனே பாட்டு முடிந்துவிட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

கேசட்டில் இரண்டு பாட்டுக்கு நடுவே 'ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் ஓடும். கருவிக்கு உயிர் இருக்கிறதென்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும். இங்கே அது இல்லை. ஆகவே பெட்டி செத்துவிட்டது, அதுவும் என் கையில்.

எனக்குச் சாட்சி தேவைப்பட்டது. பக்கத்தில் தேநீரோடு மாப்பிள்ளையின் அம்மா.

"நான் ஒண்ணும் பண்ணலே அத்தை. நீங்களே கேட்டுப் பாருங்க." கொண்டை கலையாமல் மாட்டிவிட்டேன். (கவனமெல்லாம் கொண்டையில்தான்.)

"ஒண்ணும் கேக்கலியேப்பா," என்றார்.

அடுத்த பாட்டு தவிலில் ஆரம்பித்தது.

அவர் போட்ட அலறல் ஃபேக்டரிவரை கேட்டதாம். அங்கே கொழுந்து உருட்டும் இயந்திரத்தின் சத்தத்தில் பக்கத்து ஆள் பேசுவதே கேட்காது. தேநீர் அப்பாவின் வேட்டியில். ஹெட்போன் தரையில் கிடந்து தவில் வாசித்துக்கொண்டிருந்தது.

வடைத் தட்டோடு வந்த அக்கா, பெண் பார்க்கும் நேரத்தில் செய்யவே கூடாததைச் செய்தாள். வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அத்தை காதைத் தேய்த்தபடி அக்காவையே பார்த்தார்.

"நீ வாம்மா எங்க வீட்டுக்கு. ஒன் தம்பிய மட்டும் இங்கயே விட்டுட்டு வந்துரு."

கல்யாணம் தானா ராத்தா டவுன் கோயிலில் நடந்தது. கெட்டிமேளத்துக்கு ஐயர் கை தூக்கியபோது எல்லோரும் அத்தையைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு காதிலும் பஞ்சு.

இன்றும் எங்கள் குடும்பக் கல்யாணங்களில், தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில் கொஞ்சம் பஞ்சும் இருக்கும்.