சுரைக்காய்க்கு டி.பி.

திருச்சி ஜில்லாவிலேயே கத்திரிக்காய்க்குப் பிரசவம் பார்த்து, முருங்கைக்காய்க்கு மூலம் ஆபரேஷன் செய்து, இரண்டுக்கும் பில் போட்ட ஒரே மனுஷர் எங்கள் ஆபீஸ் காய்கறி சார்தான்.

எண்பதுகளில் கன்டோன்மென்ட்டில் ஒரு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் ஆபீஸ். ஓர் ஆஸ்பத்திரிக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, நிஜ நோயாளிகளின் விவரத்தையே டேப்பில் அனுப்பியிருந்தார்கள். வேறு யாராவது என்றால் அப்படியே ஓட்டிப் பார்த்திருப்பார்கள். இவர் விடமாட்டார். தனியாக உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் அழித்துக் காய்கறிப் பெயர் போடுவார், வயதை மாற்றுவார், அப்புறம்தான் எங்களிடம் தருவார். ஞாயிற்றுக்கிழமை காந்தி மார்க்கெட்டுக்குப் போவதே புதுப் பெயர் பிடிக்கத்தான். வாங்குவது என்னவோ ஒரு கட்டு கொத்தமல்லி. ஒரு வாரம் காய் தீர்ந்துபோய் மீனில் இறங்கினார். மேனேஜர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெத்திலிக்குக் கண் ஆபரேஷன் என்று படித்துவிட்டு, பாவம், அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

இது ஆஸ்பத்திரியா மார்க்கெட்டா என்று அவர் கத்தினால், காய்கறி சார் அசரமாட்டார்.

"கூட்டல் தப்புன்னா கத்திரிக்காய்க்கும் தப்பாத்தான் சார் வரும். பேரு எதுக்கு?"

கடைசியில் மேனேஜர் கண்டிப்பாக உத்தரவு போட்டார்: இந்தத் தடவை நிஜப் பெயர்தான்.

அந்த டேப்பில் நானும் இருந்தேன். முந்தின வருஷம் எனக்கு டி.பி. வந்து குணமாகியிருந்தது. வீட்டில் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அந்தக் காலத்தில் டி.பி. என்று காதில் விழுந்தாலே வந்த சம்பந்தம் பஸ் ஏறிவிடும்.

இந்த லட்சணத்தில், பெண் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்கவென்று மாப்பிள்ளையின் அப்பா வந்து நின்றார். ரிடையரான வாத்தியார். மேனேஜர் கீழே டீக்கடையிலிருந்து பஜ்ஜி வரவழைத்தார். வேண்டாத பிரின்ட் தாளெல்லாம் நாங்கள் அந்தக் கடைக்குத்தான் போடுவோம். பஜ்ஜி வந்ததும் எங்கள் தாளில்தான். மேலே பெரிய எழுத்தில் டி.பி. வார்டு. பெரியவரோ, அச்சடித்தது எது கிடைத்தாலும் கடைசி வரி வரை படிக்கிற ரகம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"சுரைக்காய், வயசு எழுபது, டி.பி... யாருங்க இது?"

காய்கறி சார் தன் பஜ்ஜியைக் கீழே வைத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சுரைக்காய் நான் வச்ச பேருங்க. அந்த ஆளு சுத்தமா குணமாயாச்சு. இப்ப ரொம்ப நல்லா இருக்காங்க."

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்து இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். தன் உத்தரவு காற்றில் போனது தெரிந்து மேனேஜர் பல்லைக் கடித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, பாத்ரூமுக்கு ஓடிவிட்டேன்.

சர்ச்சில் எங்கள் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலை வாசிப்பதற்கு முன்னாலேயே, மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இப்போது மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று மட்டும் கேட்டார். என் கதையை நானே சொல்லும்படி எனக்கென்று விட்டுவைத்தாரே, அந்தக் காய்கறி சாரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு குளிர்ந்துபோகிறது.