அலாஸ்கா மூஸும் கறம்பக்குடி சம்பந்தமும்

விலங்கியல் படித்தவனைப் பெண் பார்க்க அழைத்துப் போகும்முன், அந்த வீட்டுச் சுவரில் விலங்குப் படம் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. என் அம்மா விசாரிக்கவில்லை. பஸ்ஸில், "நீ வாயத் தொறக்காம இருந்தாலே இந்த எடம் அமைஞ்சிரும்டா" என்று மட்டும் சொன்னார். அதுவரை வந்த சம்பந்தங்களை எல்லாம் என் வாய்தான் கெடுத்திருந்தது.

பெண் வீடு கறம்பக்குடியில். பெண் கௌசல்யா காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றாள். என் கண்ணோ டிவிக்கு மேலிருந்த போட்டோவில். கனடாவில் வேலை பார்க்கும் அவள் அண்ணன், மூஸ் என்கிற ராட்சத மான் ஒன்றின் பக்கத்தில், பனியில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்.

"எம் மகன் டொரண்டோ பக்கம் இருக்கான்" என்றார் பெண்ணின் அப்பா பெருமையாக.

அத்தோடு விட்டிருக்கலாம். (விட்டிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்.)

"இல்லைங்க, இது அலாஸ்கா மூஸு" என்றேன். "மூஸு ஒண்ணுதான், ஆனா எடத்துக்கு எடம் துணை இனம் மாறும். கெழக்குக் கனடா மூஸு சின்னது. கொம்பு இம்புட்டு அகலம்னா அது அலாஸ்காதான். டொரண்டோ பக்கம் இருக்கவே இருக்காது."

(வயதுக்கும் தீனிக்கும் தக்கபடி கொம்பு மாறும் என்பதையும், இந்தத் துணை இனக் கணக்கில் அறிஞர்களுக்குள்ளேயே தகராறு உண்டு என்பதையும் வசதியாக மறந்துவிட்டேன்.)

அதே தெருப் பையன் ஒருவனை, கடை வேலை என்று வளைகுடாவுக்குக் கூட்டிப்போய் ஒட்டகம் மேய்க்க விட்டிருந்தார்களாம். பெண்ணின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏங்க, ஏஜென்ட் நம்ம புள்ளையவும் ஏமாத்திட்டானா? பனியில மான் மேய்க்கிறானா?"

அவர் அழ, என் அம்மா என் தொடையைக் கிள்ள, பெண்ணின் அப்பா வீடியோ காலில் மகனை எழுப்பினார். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் போர்வைக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"அது ஃபைபர் பொம்மைம்மா. இங்க பெட்ரோல் பங்க் வாசல்ல நிக்கிது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தோற்றுப் பழக்கமில்லை.

"அப்ப பொம்மை செஞ்சவரு அலாஸ்காக்காரரா இருக்கணும்ங்க" என்றேன்.

அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். கதவோரம் கௌசல்யா சிரிப்பை அடக்க முடியாமல் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"இவரையே பேசி முடிங்கப்பா. எனக்குப் பொழுது போயிரும்."

கல்யாணம் முடிந்து குழந்தையும் ஆயிற்று. இன்றும் மச்சான் எந்த விலங்குப் போட்டோ அனுப்பினாலும், மாமியார் போனை முதலில் என்னிடம்தான் நீட்டுகிறார்.

"மாப்ள, மொதல்ல அதுக்கு உசிரு இருக்கான்னு பாருங்க. அப்பறம் எந்த ஊருன்னு சொல்லலாம்."