ஒல்லாந்தர் கோட்டையைப் பற்றி எழுத மாட்டேன்

மட்டக்களப்பு,
ஆவணி 2010

பெருமதிப்புக்குரிய ஜெயராஜா மாமாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே வீட்டில் நானும் மாமியும் சுகம். கொழும்பில் இருக்கும் உங்கள் பிரஷருக்காகவும் சேர்த்துச் செபிக்கிறோம். மாத்திரை போட்ட பிறகு மேலே வாசிக்கவும்.

"மனித உரிமை கினித உரிமையெண்டு ஊர் சுத்தினா என்ட ஊட்டில உனக்கு இடமில்ல" என்று எழுதியிருந்தீர்கள். வரலாறு படிக்கிற பிள்ளை ஒல்லாந்தர் கோட்டையை ஆராயலாமே, ஒல்லாந்தர் யாரும் வீடு தேடி வந்து விசாரிக்க மாட்டார்களே என்றும் புத்தி சொன்னீர்கள். நியாயம்தான். ஆனால் நேற்று நான் ஆய்வுக்காகக் கதிரவெளிக் கடற்கரைக் கிராமத்துக்குப் போய்விட்டேன்.

அங்கே பட்ட பாட்டைக் கேளுங்கள், கையில் பைலைக் கண்டதும் நிவாரணம் எழுத வந்தவள் என்று ஊரே கூடிவிட்டது, சுனாமிக்குப் பிறகு பைலோடு வந்தவர்கள் எல்லாரும் படகு தருவதாக எழுதிக்கொண்டு போனவர்களாம், நான் வெறும் கம்பஸில் படிக்கிற பிள்ளை என்றதும் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் பாவம் பார்த்துச் சோறு போட்டார்கள், சுனாமிக்குப் பிறகு கட்டித் தந்த வீடு யாருடையது என்று ஆண்களைக் கேட்டால் "ஊடு பொஞ்சாதிட, அவவக் கேளு புள்ள" என்கிறார்கள், பெண்களைக் கேட்டால் "ஊடு எங்கட, காணி உறுதிப் பத்திரத்தில மட்டும் அவர்ட பேர்" என்கிறார்கள். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனம் என்பது தெரியாமல், வீடு கட்டித் தந்தவர்கள் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயரை எழுதிவிட்டார்கள்.

அங்கே சீதேவி அக்கா என்று ஒருவர். தாய் தந்த சீதன வீட்டைக் கடல் கொண்டுபோனது. புது வீடு கணவர் பெயரில் வந்தது. அவர் யுத்தத்தில் காணாமல் போனார். இப்போது கணவரின் தம்பி வந்து, "அண்ணன்ட ஊடு, எழும்பு" என்கிறான். வீட்டைத் தன் பெயருக்கு மாற்றச் சொல்லி அரசாங்கக் கந்தோரில் கேட்டால், கணவரைக் கூட்டிவந்து கையெழுத்து வைக்கச் சொன்னார்களாம். "அவர் வந்தா நான் ஏன் கந்தோருக்கு வாறன்?" என்று அக்கா என்னிடம் கேட்டா. "கடல் எடுத்தது என்ட ஊடு. திருப்பித் தந்தது மட்டும் எப்படி அவர்ட ஊடாப் போச்சு?"

இதைக் கேட்ட பிறகும் கோட்டைக் கல்லை எண்ணச் சொல்கிறீர்களா மாமா? எனக்குப் பயம் இருக்கிறது. கோபம் அதைவிடக் கூட. இந்த வீடுகளைப் பற்றி நான் எழுதத்தான் போகிறேன். உங்கள் வீட்டில் இடமில்லை என்றீர்கள், பெட்டி கட்டிவிட்டேன். வெள்ளிக்கிழமை விடுதிக்குப் போகிறேன்.

உங்களுக்கு நீண்ட ஆயுளையும் குறைந்த கோபத்தையும் ஆண்டவர் அருள்வாராக.

கீழ்ப்படியாத மருமகள்,
றெபேக்கா

பி.கு.: ஒட்டுவதற்கு முன் செசீலியா மாமி கடிதத்தைப் பறித்து வாசித்தா. பெட்டியையும் அவவே அவிழ்த்துவிட்டா. நான் எங்கும் போகவில்லை. அவ சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "இது எங்கம்மா எனக்குத் தந்த ஊடு. ஆரு இருக்கிற, ஆரு போற எண்டு நான்தான் சொல்லுவன். நீ இருந்து எழுது புள்ள. மாமா வரக்குள்ள கதவத் தட்டிப்போட்டு வரச் சொல்லு."