கதவை மறித்த அவரைக்கொடி

மதிப்பிற்குரிய பெரியம்மாவுக்கு, வணக்கம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும் போனில் பேச முழங்கால் வேண்டியதில்லை என்பதால் துணிந்து கேட்கிறேன்: அம்மாவைக் கூப்பிட்டு ஓர் அவரைக்கொடியின் உயிரைக் காப்பாற்றுங்கள். கடிதத்துக்குப் பதில் நானே தங்களைப் போனில் கூப்பிட்டுச் சொல்லலாம்தான்; ஆனால் எங்கள் வீட்டுப் போன் அம்மாவின் கையை விட்டு இறங்குவதில்லை.

இடமில்லாத வீட்டில் காய்கறியைப் படரவிடாமல் நிற்கவைத்து வளர்க்கலாம் என்று நூலகப் புத்தகத்தில் படித்தேன். சட்டம் அடித்து, குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி, சுவரோரம் தட்டியாக நிறுத்தினால் கொடி தானே ஏறிக்கொள்ளும். பால்கனியில் கதவுக்குப் பக்கத்துச் சுவர் காலியாக இருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் தையற்காரர் என்பதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். சுவருக்குத் தோள், மார்பு, நீளம் எல்லாம் அளந்தார். உடைந்த கட்டிலின் கட்டைகளை அறுத்து, கயிற்றுக்குப் பதில் பாவாடை நாடா கட்டினார். அழகாகத்தான் வந்தது. நிறுத்திப் பார்த்தால் பாதிக் கதவை மறித்துக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, "வளர்ற புள்ளைக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் விட்டுத்தானே தைக்கணும்? வேணும்னா அப்புறம் உள்ள புடிச்சிக்கலாம்" என்றார். மரத்தை எப்படிப் பிடிப்பது என்றேன். வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டார். குண்டூசி வாயிலிருந்தால் அப்பா பதில் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிச் சீருடை வேலை முடிந்து அவர் நிமிர்வதற்குள் கொடி பாதி உயரம் ஏறிவிட்டது; பிறகு உச்சியையும் தொட்டுவிட்டது. கதவு இப்போது பூனை நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. அம்மா ஒருக்களித்து நுழைந்துவிடுவாள். துணி வாளிக்கு அந்த வித்தை தெரியவில்லை. ஆகவே நான் பால்கனியில் நிற்க, அம்மா பால்கனியை ஒட்டிய ஜன்னலின் கம்பி வழியாக ஒவ்வொரு துணியாக நீட்டுவாள். நேற்று போர்வையை நான் பிடிப்பதற்குள் அவள் விட்டுவிட, அது கீழ்வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் தலையில் விழுந்தது. அவர் பொழுது சாய்ந்துவிட்டதென்று மனைவியை விளக்குப் போடச் சொன்னாராம். போர்வையை மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார், நல்ல மனிதர். அவர் போனதும் அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இந்தக் கதவு முழுசா தொறக்கணும். இல்லைன்னா அப்பனும் மகளும் வளத்தது வேரோட போயிரும்."

அப்பா வழக்கத்தைவிட அதிகமாகக் குண்டூசி எடுத்துக்கொண்டார்.

பெரியம்மா, கொடி இப்பத்தான் மொட்டு விட்டிருக்கு. அவுத்து வேற இடத்துல கட்டினா ஒடிஞ்சிரும். அம்மா உங்க ஒருத்தர் பேச்சைத்தான் கேப்பா. காய்ச்சு முடியிற வரைக்கும் தவணை வாங்கிக் குடுத்தா போதும்.

பெரியப்பாவுக்கு என் வணக்கம். தம்பிக்குக் கன்னத்தில் ஒரு கிள்ளு, வலிக்காமல்.

தங்கள் ஆசியைக் கொடிக்கும் சேர்த்து வேண்டும்,
தங்கை மகள்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்துக்கு நான் உறை தேடப் போன நேரத்தில் அம்மா, அப்பாவின் துணி வெட்டும் கத்தரியோடு பால்கனிக்குப் போய்விட்டாள். அப்பா கத்தரிக்காகவும் நான் கொடிக்காகவும் ஓடிப்போய்க் கதவிடுக்கில் இருவரும் மாட்டிக்கொண்டோம். அங்கே அம்மா துணி காயப்போடும் கயிற்றை அறுத்து, தட்டியைத் தாண்டிவிட்ட நுனிக்குக் கட்டிக்கொண்டிருந்தாள். "பாவம், புடிமானம் இல்லாம ஆடுது" என்றாள். துணி எங்கே காயும் என்று கேட்ட அப்பாவை வாளியோடு மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டாள். ஆகவே கூப்பிட்டு, "வெட்டாதே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெட்டப் பார்த்த பாவி யாரென்று எங்களைத்தான் கேட்பாள்.