கல் தம்பதிக்கு எதிரே ஒரு பெஞ்சு

என் மகளைக் கண் கலங்காமல் வைத்திருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் நலம். அங்கே நீங்களும் மகளும் நலமாகத்தான் இருப்பீர்கள். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்கவேண்டும்.

பஸ் கண்டக்டர் வேலை ஓய்ந்து, வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து உங்கள் மாமியாரின் உயிரை வாங்கிக்கொண்டிருந்தவனை, உங்களோடு படித்த மேடத்திடம் சொல்லி அவர் மியூசியத்தில் காவலுக்குச் சேர்த்துவிட்டீர்களே, அந்த நன்றியைச் செத்தாலும் மறக்கமாட்டேன். ஆயுசு பூரா ஒரே ரோட்டில் போய்வந்த ஆள் நான். இப்போது பெரு நாட்டுப் பானை, ஜப்பான் விசிறி, பனிநாட்டில் மீன் தோலால் தைத்த சட்டை என்று உலகமே என் பொறுப்பில் நிற்கிறது. டிக்கெட் கிழிக்காமல் இத்தனை தேசம் பார்க்க யாருக்குக் கொடுத்துவைக்கும்? அந்தப் பானையில் செய்தவரின் விரல் பதிந்திருக்கிறது, மாப்பிள்ளை. பார்த்ததும் என் விரலையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன்.

ஆனால் முதல் நாளே என் நாக்கில் சனி உட்கார்ந்தான். வாசலருகே ஆப்பிரிக்க முகமூடியைப் பார்க்கக் கூட்டம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, உள்ளே காத்தாடுகிறது, பழக்கதோஷம், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல அவ்ளோ இடம் கெடக்குல்ல!" என்று கத்திவிட்டேன், கத்தினதோடு விட்டேனா, "போலாம் ரைட்!" என்று பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைத் தட்டியும் தொலைத்தேன், அதிலிருந்த அலாரம் ஊரைக் கூட்டி அலற, கதவெல்லாம் தானாகச் சாத்திக்கொள்ள, ஒரு பெரியவர் வந்து, "அடுத்த ஸ்டாப்பிங்ல என்னை இறக்கி விட்டுடுங்க சார்" என்கிறார். மேடம் உங்கள் முகத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்.

நேற்று உங்கள் மாமியார் பார்க்க வந்தாள். மீன் தோல் சட்டை முன்னால் நின்று, "இத எப்படிங்க தொவைப்பாங்க?" என்றாள். நான் என்னத்தைக் கண்டேன்! பிறகு எகிப்துக் கல் தம்பதியிடம் வந்தவள் நகரவே இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாக உட்கார்ந்திருக்கிறார்கள், அவள் கை அவன் தோளைச் சுற்றியிருக்கிறது.

"உங்க பஸ்ஸுல எத்தன தடவ வந்திருப்பேன்! ஒரு தடவையாவது என் பக்கத்துல உக்காந்திருக்கீங்களா?" என்றாள்.

"டியூட்டியில எப்படிடி உக்கார்றது?" என்றேன். அவள் மறுபடி கல் தம்பதியையே பார்த்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை, மாப்பிள்ளை. சுவரோரம் ஒரு மரப்பலகை தெரிந்தது. கையைப் பிடித்து அவளை அதில் உட்காரவைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பொய் சொல்வானேன், சுகமாக இருந்தது.

அது ஏதோ தீவு ராஜாவின் ஆசனமாம்! அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து பிரித்து வைத்திருக்கிறார்கள், சுற்றிக் கயிறுகூடக் கட்டவில்லை. மேடம் பார்த்தார், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டார். நாலு திட்டு திட்டியிருந்தால் தேவலை.

உங்கள் சிபாரிசில் வந்தவன் உங்கள் பேரைக் கெடுக்கக்கூடாது. அவர் துரத்துவதற்குள் நானே விலகிக்கொள்கிறேன் என்று நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். வீட்டில் சும்மா இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை மூட்டைமுடிச்சோடு உங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறோம். திரும்புகிற உத்தேசம் இல்லை.

நீங்களும் மகளும் அந்தக் கல் தம்பதி மாதிரி காலத்துக்கும் ஒட்டி உட்கார்ந்திருக்க வாழ்த்தும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மேடமே போன் செய்தார். ஆசனத்துக்குச் சேதம் இல்லையாம். "நீங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்ததப் பாத்தப்புறந்தான், அந்த ஹால்ல உக்கார ஒரு எடமே இல்லன்னு எனக்கு ஒறைச்சுது. கல் தம்பதிக்கு எதிர்ல பெஞ்சு போட்டாச்சு. நாளைக்கு அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. பெட்டிய மட்டும் தட்டாதீங்க!" என்றார். ஆகவே நான் விலகவில்லை, மூட்டை கட்டவில்லை, நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். விஷயத்தை உங்கள் மாமியாரிடம் சொன்னேன். தலை வாரிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஜன்னலோர சீட்டு எனக்கு" என்றாள்.