யாரையும் கேட்காத மரியான் முதலாளி

யோசனை கேட்பது ஒரு வியாதி என்றும், அது காதில் தொடங்கிக் கல்லாப்பெட்டிவரை பரவும் என்றும் மரியான் முதலாளி கண்டுபிடித்திருந்தார். பத்து வருஷமாக அவர் ஒரு மனிதரிடமும் யோசனை கேட்டதில்லை. பத்து வருஷமாக அவருடைய ‘ஸ்தெல்லா’ தோணி ஒரு தடவைகூடப் புயலில் மாட்டியதில்லை. இந்த இரண்டையும் அவர் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

“அந்த ஞானதீபத்தைப் பாரும்வே. நாலு தோணிக்கு முதலாளி. கடற்கரையில மீன் விக்கிற விக்டோரியாகிட்டப் போயி, ‘இன்னைக்குத் தோணி விடலாமா’ன்னு கேக்காரு. கட்டுமரக்காரனெல்லாம் அவகிட்ட மீனும் போட்டுக் கடல் சேதியும் சொல்லுதான்னா, அவ என்ன துறைமுக ஆபீசரா?”

“கேக்கப்பிடாது முதலாளி” என்றார் கணக்கப்பிள்ளை சிவசுப்பிரமணியன்.

அவர் ஸ்ரீவைகுண்டத்துச் சைவர். கொழும்புக்கு வெங்காயம் அனுப்பும் ஆபீசில் இருந்துகொண்டு, வெள்ளிக்கிழமை வெங்காயம் தொடாதவர். மீன் என்ற சொல்லையே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொல்வார்.

முதலாளியின் அறை மாடியில். தெருவில் போகிற எவனாவது அண்ணாந்து பார்த்து யோசனை சொல்லிவிடக்கூடும் என்று கடல் பக்கத்து ஜன்னலுக்கு ஆணி அடித்தாகிவிட்டது. படியேறுகிறவன் நல்ல செய்தியோடு மட்டுமே ஏற வேண்டும் என்பது சட்டம். முந்தைய கணக்கப்பிள்ளை “ஒரு சின்ன விஷயம் முதலாளி” என்று ஆரம்பித்ததால்தான் முந்தைய கணக்கப்பிள்ளை ஆனார். தடையில்லாமல் வந்துபோவது ஆபீஸ் பூனை ஒன்றுதான். யார் போட்டு எதைத் தின்றதோ, படியேற மூச்சு வாங்குகிற அளவுக்கு அது கொழுத்திருந்தது.

அன்று வெள்ளிக்கிழமை, ஐப்பசி அடைமழை.

“கொழும்புல வெங்காய வெல ஏறிக்கிட்டு இருக்கு. ஸ்தெல்லா இன்னைக்கே பொறப்படணும்.”

“சரி முதலாளி.”

இறங்கிப் போன கணக்கப்பிள்ளை திரும்பி வந்தபோது, அவருடைய குடை தாமரையாக விரிந்து வானத்தைப் பார்த்தது.

“வெளியே என்னவே சத்தம்?”

“காத்து முதலாளி.”

“நல்ல காத்தா?”

கணக்கப்பிள்ளை மாடிப்படிச் சட்டத்தை நினைத்துக்கொண்டார். “ரொம்ப நல்ல காத்து முதலாளி.”

“அப்பம் பெரிய பாயையும் விரிக்கச் சொல்லும்.”

“சரி முதலாளி.”

சற்று நேரத்தில் கூரை ஓடு ஒன்று கிளம்பிப் போனது. மேஜைமேல் மழை ஒழுகியது. தோணியை நடத்தும் தண்டல் ரோச் பயந்துவிடுவானோ என்று முதலாளிக்குத் தோன்றியது. பயத்துக்கும் அவரிடம் மருந்து இருந்தது.

“பாரம் கூடுனா தோணி ஆடாதுவே. இன்னும் அம்பது மூட்டை ஏத்தும்.”

“சரி முதலாளி.”

இந்தத் தடவை போன கணக்கப்பிள்ளை திரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஜன்னல் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு உள்ளே வந்தது.

முதலாளி கடலைப் பார்த்தார். புதுத் துறைமுகத்துக்குக் கல் கொட்டிக்கொண்டிருந்த கிரேன்களைக் காணோம். கம்பத்தில் புயல் கூண்டு ஊஞ்சல் ஆடியது. ஸ்தெல்லா நிற்கிற இடத்தில் வெறும் நுரை.

பெரிய பாய். கூடுதலாக அம்பது மூட்டை. தோணியில் ஒன்பது பேர். ரோச்சின் மகளுக்குத் தை மாதம் கல்யாணம். கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கக் கோயிலில் சொல்லிவைத்திருந்தான்.

“கணக்கப்பிள்ளை! யாருவே கீழே?”

கூப்பிட்டால் வர ஆளில்லை. நல்ல செய்தி கைவசம் இல்லாததால் எல்லோரும் இறங்கிப் போயிருந்தார்கள். பூனை மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்தது.

ஒரு கால் செருப்போடு தெருவில் ஓடினார் முதலாளி. “மாதாவே, நான் இப்பம் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். பத்து வருஷத்தில் அவர் கேட்ட முதல் யோசனை அது.

கடற்கரையில் சரக்கு அடுக்கும் கிட்டங்கியில் அரிக்கேன் விளக்கு எரிந்தது. உள்ளே வெங்காய மூட்டைகள்மேல் சாய்ந்துகொண்டு ஒன்பது பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

“ரோச்சு! ஏலே, நீ போவலியா?”

ரோச் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்தான். “போவாண்டாம்னு காலையிலயே நீங்கதான சொல்லி விட்டிய முதலாளி? கணக்கப்பிள்ளை வந்து சொன்னாவ. தோணியை முயல்தீவு மறைவுல கெட்டியாச்சு. ஒங்க மூளை வேற எவனுக்கு வரும்?”

முதலாளி, மூலையில் நின்ற கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். கணக்கப்பிள்ளை, வெள்ளிக்கிழமை என்பதையும் மறந்து, ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளி ஒரு மூட்டைமேல் மெல்ல உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது. சுற்றிலும் வெங்காயம் இருந்தது வசதியாகப் போயிற்று.

“ஆமாலே... மனசுல பட்டுது” என்றார்.

ஆனால் தாம் உத்தரவு போடுவதற்கு முன்பே, காலையிலேயே, கணக்கப்பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது? அவரிடமே கேட்டிருக்கலாம்தான். தம்மிடம் சம்பளம் வாங்குகிறவரிடம் எப்படிக் கேட்பது?

புயல் ஓய்ந்து, கட்டுமரங்கள் கடலுக்குப் போய்வந்த முதல் காலையில், தலையில் துண்டைப் போட்டு முக்காடிட்ட ஒருவர் விக்டோரியாவின் மீன் கூடை அருகே குந்தினார். நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

“ஏளா விக்டோரியா... இன்னைக்குத் தோணி விடலாமா?”

விக்டோரியா துண்டைச் சற்று விலக்கி முகத்தைப் பார்த்தாள்.

“நீங்களுமா முதலாளி? ஒங்க கணக்கப்பிள்ளை பத்து வருசமா தெனமும் வந்து இதைத்தான் கேக்காவ. ஆனா அவிய சும்மா கேக்கமாட்டாவ, பூனைக்குன்னு நாலு சாளை மீனாவது வாங்கிட்டுத்தான் கேப்பாவ!”